மலையில் ஓடும் கடிகாரம் - போடிமெட்டு முதல் பொட்டிபுரம் வரை

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம்.

இரண்டு பெண்டுலம் கடிகாரம், இரண்டு அணுக் கடிகாரம். நாலையும் போடிநாயக்கனூரில் ஒரே அறையில் வைத்து, ஒரே நேரம் காட்டும்படி சரி செய்துவிடுகிறோம். பிறகு ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, போடிமெட்டுக்குப் போய் வைக்கிறோம். போடியை விட அங்கே சுமார் 1000 மீட்டர் உயரம் அதிகம். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். மலையில் இருக்கும் கடிகாரங்கள் கீழே இருப்பவற்றோடு ஒத்துப் போகுமா?

போகாது. குளிரில் கம்பி சுருங்குவதைத் தனியாகத் திருத்திக்கொண்டால், மேலே போன பெண்டுலம் கடிகாரம் ஒரு நாளைக்குப் பத்து நொடி வாக்கில் பின்தங்கி இருக்கும். மேலே போன அணுக் கடிகாரமோ முந்தி இருக்கும், சுமார் 9 நானோ நொடி. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு.

ஒரே மலை, ஒரே உயரம், இரண்டையும் மாற்றியது ஈர்ப்பு. ஆனால் ஒன்று பின்னாடி போகுது, இன்னொன்று முன்னாடி போகுது. இதென்ன கூத்து என்று கேட்டால், அதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதை கடைசியில் எங்க தேனி மாவட்டத்திலேயே, பொட்டிபுரம் மலையடிவாரத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

பெண்டுலம்

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடலாம். பெண்டுலம் ஆடுவதே பூமி அதை இழுப்பதால்தான். இழுப்பு குறைந்தால் ஆட்டம் மெதுவாகும். 1672இல் ழான் ரிச்சே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் உள்ள கயேன் என்ற ஊருக்கு ஒரு கடிகாரத்தோடு போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய கடிகாரம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் தினமும் இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. கடிகாரம் பழுதாகவில்லை. அங்கே பூமியின் இழுப்பே கொஞ்சம் கம்மி. பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது என்று பின்னாளில் நியூட்டன் வாதாடுவதற்கு இந்த இரண்டரை நிமிஷமும் ஒரு சாட்சி.

நம்ம பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானியல் கூடம் கட்டியது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய பெரிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அதிலிருந்துதான் 'மெட்ராஸ் டைம்' வந்தது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 நொடி முன்னால். ரயில்வேயே பல காலம் அந்த நேரத்தில்தான் ஓடியது. 1906 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்திய நேரம் அதை விட ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் போனது.

அதே கோல்டிங்ஹாம் 1821இல் சென்னையில் பெண்டுலத்தை ஆட விட்டு, ஈர்ப்பை அளந்தார். பிறகு 1865இல் இருந்து பசேவி என்ற நில அளவை அதிகாரி, கன்னியாகுமரிப் பக்கம் தொடங்கி இமயமலை வரை பெண்டுலத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1871இல் லடாக்கில், 15,000 அடிக்கு மேலே, குளிரில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். மலை மேல் பெண்டுலம் எவ்வளவு மெதுவாகிறது என்று பார்க்கப் போய் உயிரை விட்ட மனிதர்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இவர்கள் யாரும் 'மலை மேல் நேரமே மாறுகிறது' என்று சொல்லவில்லை. கடிகாரம் மாறுகிறது, நேரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதே அன்றைய நம்பிக்கை. நம்மில் பெரும்பாலானவர்களின் நம்பிக்கை இன்றும் அதுதான்.

பாபாவின் கடிகாரம்

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஐன்ஸ்டைன். 1905இல் சொன்னது: ஓடுகிற கடிகாரம், நிற்கிற கடிகாரத்தை விட மெதுவாகப் போகும். 1907இல் ஆரம்பித்து 1915இல் முழுசாக்கியது: ஈர்ப்பின் பள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோமோ அவ்வளவுக்கு நேரமே மெதுவாகப் போகும்.

'பள்ளம்' என்று சொன்னதைக் கவனிக்கணும். பெண்டுலத்துக்கு முக்கியம் அந்த இடத்தில் இருக்கிற இழுப்பு. ஐன்ஸ்டைன் சொன்னதில் முக்கியம் இழுப்பு இல்லை, உயரம். மேலே ஏறுவதற்கு நாம் எவ்வளவு மூச்சு வாங்க வேண்டுமோ அந்தக் கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு நேரம் கொஞ்சம் மெதுவாக, மேட்டில் இருப்பவருக்குக் கொஞ்சம் வேகமாக. கடிகாரம் எந்த மாதிரியானது என்பது இங்கே பிரச்சினையே இல்லை. அணு, இதயத்துடிப்பு, முளைக்கிற ஏலக்காய் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான்.

தேவாரம், கம்பம், போடியில் இருந்து தினமும் விடியும் முன் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் இறங்குகிறார்களே அக்காமார்கள், அவர்கள் மேலே இருக்கும் எட்டு மணி நேரத்தில் கீழே இருக்கும் நம்மை விட 3 நானோ நொடி அதிகமாக வாழ்ந்துவிட்டு வருகிறார்கள். அந்த மூணு நானோ நொடிக்குக் கூலி கிடையாது :-)

சரி, இதை எப்படிச் சோதிப்பது? அன்றைக்கு இருந்த எந்தக் கடிகாரத்தாலும் இவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியாது. இங்கேதான் நம்ம ஆள் ஒருத்தர் வருகிறார்.

1938இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபாவுக்கு 28 வயசு. அதற்கு ஒரு வருஷம் முன்புதான் காஸ்மிக் கதிர்களில் ஒரு புதுத் துகள் இருப்பது தெரிய வந்திருந்தது. எலெக்ட்ரான் மாதிரி, ஆனால் இருநூறு மடங்கு கனம். இன்று நாம் மியூவான் என்று சொல்வது அதைத்தான். அந்த மாதிரிக் கனத்த துகள்கள் தானாகவே சிதைந்துபோகக்கூடியவை என்றால், ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம்தானே என்று கேட்டார் பாபா. சிதைவதற்கு ஆகும் காலமே அதன் 'டிக் டிக்'. அப்படியானால், வேகமாகப் போகும்போது அது சாவதற்கு அதிக நேரம் எடுக்க வேண்டும், ஐன்ஸ்டைன் சொன்னது சரியா என்று நேரடியாகப் பார்த்துவிடலாம். நேச்சர் இதழில் வந்த சின்னக் குறிப்பு அது. கடையில் வாங்க முடியாத கடிகாரம் ஒன்று வானத்தில் இருந்து சும்மாவே கொட்டுகிறது என்று காட்டிக் கொடுத்தது.

மறு வருஷம் விடுமுறைக்கு இந்தியா வந்தார் பாபா. உலகப்போர் தொடங்கிவிட்டதால் திரும்பிப் போகவில்லை. பெங்களூரில் சி.வி.ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். 1945இல் டாடா ஆராய்ச்சி நிலையம் உருவானது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அணுசக்தி பாபாவைத் தெரிந்த அளவுக்கு இந்தக் கடிகார பாபாவை நமக்குத் தெரியாது.

கொடைக்கானலும் பெரியகுளமும்

மியூவான் கணக்கு ரொம்ப எளிது. விண்வெளியில் இருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தின் மேல் பகுதியில், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், காற்றணுக்களில் மோதுகின்றன. அதில் பிறப்பவை மியூவான்கள். ஒரு மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீட்டர்தான் போக முடியும். 15 கிலோமீட்டரைத் தாண்டித் தரைக்கு வந்து சேர்வது நூறு கோடியில் ஒன்று கூட இருக்காது.

நடப்பது என்ன? உள்ளங்கையை நீட்டினால், நொடிக்கு ஒன்றாவது வந்து விழுகிறது. இதைப் படிக்கிற இந்த நேரத்திலும் உங்களைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. எப்படி? அதன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. நமக்கு 50 மைக்ரோ நொடி ஆனாலும் அதற்கு இன்னும் ஓரிரண்டு மைக்ரோ நொடிதான் ஆகியிருக்கிறது.

1941இல் ரோஸியும் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோ மலையில் 3240 மீட்டர் உயரத்திலும், கீழே 1616 மீட்டரில் இருக்கும் டென்வர் நகரத்திலும் மியூவான்களை எண்ணிப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். எனக்குப் பிடித்தது 1963இல் ஃபிரிஷ், ஸ்மித் இருவரும் வெளியிட்ட சோதனை. வாஷிங்டன் மலையில் சுமார் 1900 மீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 563 மியூவான். பிறகு அதே கருவியைக் கடல் மட்டத்துக்குக் கொண்டு வந்து எண்ணினார்கள். நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் 27 வரணும். வந்தது சுமார் 412.

1900 மீட்டர் என்பது எவ்வளவு என்று நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்லணும் என்றால், கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே உள்ள உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்தில் இருந்துதான் குதிரையிலும் டோலியிலும் கொடைக்கானல் ஏறினார்கள். அந்தப் பாதையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு பெட்டி வைத்தால் போதும். ஃபிரிஷ், ஸ்மித் செய்ததை நம்ம கல்லூரிப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம்.

இன்னொன்று. மியூவானைக் கேட்டால் 'என் கடிகாரம் ஒழுங்காத்தான் ஓடுது, உங்க மலைதான் குள்ளம்' என்று சொல்லும். ஒளி வேகத்தில் 99.5 சதவீதத்தில் போகிற அதன் கணக்கில், கொடைக்கானல் மலை சுமார் 185 மீட்டர்தான். இரண்டு பேர் சொல்வதும் சரி. இதை முதல் தடவை படிக்கும்போது தலை சுத்தும். இருபது தடவை படித்தாலும் கொஞ்சம் சுத்தத்தான் செய்யும்.

அணையும் கோபுரமும்

மேலே பார்த்தது வேகம். உயரம்? 1959 ஜனவரியில் காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார். தண்ணீர் 71 அடி வரை தேக்கலாம், எங்க பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த எண் அது. அதே சமயத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இரண்டு பேர், கிட்டத்தட்ட அதே உயரத்தில், சுமார் 74 அடி கோபுரத்தில், காமா கதிரை மேலும் கீழும் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருக்கும் அணுவின் துடிப்பும் கீழே இருக்கும் அணுவின் துடிப்பும் ஒன்றில்லை என்று 1960இல் நிரூபித்தார்கள். நிறைந்த வைகை அணையின் மேல்மட்டத் தண்ணீருக்கும் அடித் தண்ணீருக்கும் இடையே ஒரு நாளைக்கு 0.2 நானோ நொடி வித்தியாசம் என்று அர்த்தம்.

சீசியம்

1955இல் இங்கிலாந்தில் எஸ்ஸன், பாரி இருவரும் உருப்படியாக ஓடும் முதல் சீசியம் அணுக் கடிகாரத்தைச் செய்தார்கள். சீசியம் அணுவுக்குள் ஒரு குறிப்பிட்ட துடிப்பு இருக்கிறது. அது 919,26,31,770 தடவை துடித்தால் ஒரு நொடி என்று 1967இல் உலகமே ஒப்புக்கொண்டது. அதற்கு முன் நொடி என்பது பூமி சுற்றுவதில் இருந்து வந்தது. அதற்குப் பின் அணுவில் இருந்து வருகிறது. நம் நாட்டு நேரத்தை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்த மாதிரிக் கடிகாரங்களை வைத்துத்தான் காப்பாற்றி வருகிறது.

1971 அக்டோபரில் ஹாஃபலே, கீட்டிங் என்ற இருவர் நான்கு சீசியம் கடிகாரங்களைச் சாதாரண பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகத்தைச் சுற்றினார்கள். கடிகாரத்துக்குத் தனி டிக்கெட், 'மிஸ்டர் கிளாக்' என்ற பெயரில்! கிழக்கே சுற்றிய போது கடிகாரங்கள் 59 நானோ நொடி பின்தங்கின. மேற்கே சுற்றிய போது 273 நானோ நொடி முந்தின. பூமி கிழக்குப் பக்கமாகச் சுழல்வதால் ஒரு பக்கம் வேகம் கூடுகிறது, இன்னொரு பக்கம் குறைகிறது. உயரத்தின் லாபம் இரண்டு பக்கமும் உண்டு. கூட்டிக் கழித்தால் கணக்கு சரியாக வந்தது.

அப்படியும் நம்பாதவர்கள் இருந்தார்கள். 1977இல் ஜி.பி.எஸ்ஸுக்கு முன்னோட்டமாக அமெரிக்கர்கள் ஒரு செயற்கைக்கோளில் சீசியம் கடிகாரம் அனுப்பினார்கள். ஐன்ஸ்டைன் திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பொறியாளர்களுக்குள்ளேயே சந்தேகம். அதனால் ஒரு சுவிட்ச் வைத்து, முதலில் அணைத்தே அனுப்பினார்கள். இருபது நாள் ஓட விட்டுப் பார்த்தால், தினமும் 38 மைக்ரோ நொடி முந்திக்கொண்டே போகிறது. கணக்கு சொன்னதும் அதேதான். பேசாமல் சுவிட்சைப் போட்டார்கள்.

நம்ம நாவிக் செயற்கைக்கோள்கள் அதை விட உயரம், சுமார் 36,000 கிலோமீட்டர். நான் போட்ட கணக்குப்படி அங்கே உயரத்தால் தினமும் 51 மைக்ரோ நொடி லாபம், வேகத்தால் நாலரை மைக்ரோ நொடி நஷ்டம். மிச்சம் 46 மைக்ரோ நொடி. சின்ன எண்தானே என்று விட்டுவிட முடியாது. ஒளி அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் போய்விடும். போடியில் இருந்து தேனிக்கு வருகிற தூரம்!

இந்தக் கடிகாரங்கள் எவ்வளவு அருமையானவை என்பது நமக்குப் பட்டுத்தான் தெரிந்தது. 2013இல் ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் 2016இல் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வெளிநாட்டில் வாங்கியவை. செயற்கைக்கோள் நல்லா இருக்கு, ஆனால் கடிகாரம் இல்லாமல் அதனால் இடம் சொல்ல முடியாது. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்-01இல்தான் முதன்முதலாக நாமே செய்த, அகமதாபாத்தில் உருவான ருபீடியம் கடிகாரம் மேலே போனது.

கடிகாரம் விஷயத்தில் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை. 2011 செப்டம்பரில் ஐரோப்பாவில் ஓபரா என்ற குழு, நியூட்ரினோக்கள் 730 கிலோமீட்டரை ஒளியை விட 60 நானோ நொடி சீக்கிரமாகக் கடந்துவிட்டன என்று அறிவித்தது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று பத்திரிகைகள் எல்லாம் ஒரே அமர்க்களம். கடைசியில் பார்த்தால், கடிகாரத்துக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் ஒரு லூஸ் கனெக்‌ஷன்.

அந்த நியூட்ரினோக்கள் போய்ச் சேர்ந்த இடம் இத்தாலியில் ஒரு மலைக்கு அடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே இருக்கும் ஆய்வகம். அது ஏன் மலைக்கு அடியில் இருக்கணும்? இங்கேதான் பொட்டிபுரம் வருகிறது.

பொட்டிபுரம்

நியூட்ரினோ எதிலும் ஒட்டாது. பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அதைப் பிடிப்பது, சந்தைக்கடை இரைச்சலில் ஊசி விழும் சத்தத்தைக் கேட்கிற மாதிரி. அந்த இரைச்சல் எது? நாம் மேலே பார்த்த அதே மியூவான். அதன் கடிகாரம் மட்டும் நம் கடிகாரம் மாதிரியே ஓடியிருந்தால் அதெல்லாம் வானத்திலேயே செத்துப் போயிருக்கும், தரைக்கு வந்தே இருக்காது. கடிகாரம் மெதுவாக ஓடுவதால் தரைக்கு வருகிறது, மண்ணுக்குள்ளும் இறங்குகிறது. அதைத் தடுக்க ஒரே வழி பாறை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கெட்டியான பாறை இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு மியூவான்தான் உள்ளே வரும்.

இந்த வேலையில் நாம் உலகத்துக்கே முன்னோடி. கோலார் தங்கவயலில், நம் தமிழ்த் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் கண்டார்கள். 2001இல் தங்கவயல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நமக்கு அந்த மாதிரி ஒரு ஆழம் இல்லை.

அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். முதலில் நீலகிரியில் சிங்காரா. யானையும் புலியும் நடமாடும் இடம் என்று 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு தேவாரத்துக்குப் பக்கத்தில் பொட்டிபுரம், அம்பரப்பர் மலை. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் கடைசியில் ஒரு பெரிய குகை, அதற்குள் 50,000 டன் காந்த இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், சுமார் 1500 கோடி ரூபாய். அதே வருஷம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் வனவிலங்கு வாரிய அனுமதியும் வேண்டும் என்று ஆனது. 2022இல் தமிழக அரசு, இது புலிகள் நடமாடும் பாதை, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

அந்த வருஷங்களில் எங்க பக்கத்து டீக்கடைகளில் இதைப் பற்றி எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். 'நியூட்ரினோ வந்தா வெள்ளாமை போயிடும்' என்று ஒருத்தர். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, சும்மா பயப்படாதீங்க' என்று இன்னொருத்தர். இரண்டு பேருமே 'ஆபத்தா, இல்லையா' என்ற ஒரே கேள்வியில் நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், 'அதெல்லாம் சரிப்பா, உலகத்துல இத்தனை இடம் இருக்கு, எதுக்கு எங்க மலை?' என்று கேட்டார். அன்று அங்கே இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லோரும் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. நியூட்ரினோ புதுசாக வரப்போவதில்லை, சூரியனில் இருந்து கோடிக்கணக்கில் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பாறையை வெடி வைத்துக் குடைவது, லட்சக்கணக்கான டன் கல்லை வெளியே கொட்டுவது, தண்ணீர், காட்டு மிருகங்களின் பாதை, இதெல்லாம் உண்மையான கேள்விகள். இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டியதால் இரண்டுக்குமே ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. ஒரு மலையைக் கொடுப்பதோ மறுப்பதோ ஊர்க்காரர்களின் உரிமை. ஆனால் எதைக் கொடுக்கிறோம், எதை மறுக்கிறோம் என்று தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நியூட்ரினோவைப் பிடித்து என்ன பார்க்கப் போகிறார்கள் என்றால், அதுவும் கடிகார விஷயம்தான். ஐன்ஸ்டைன் கணக்குப்படி, எடையே இல்லாத ஒன்று ஒளி வேகத்திலேயே போகும், அதற்கு நேரமே நகராது. நேரம் நகராத ஒன்று வழியில் மாறவும் முடியாது. ஆனால் நியூட்ரினோக்கள் போகிற வழியில் ஒரு வகையில் இருந்து இன்னொரு வகையாக மாறுகின்றன என்று 1998இல் ஜப்பானில் காட்டினார்கள். அதற்கு 2015இல் நோபல் பரிசு. மாறுகிறது என்றால் அதற்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அப்படியென்றால் அதற்கும் எடை இருக்கிறது. மூன்று வகைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைப் பார்ப்பதுதான் அம்பரப்பர் மலைக்கு அடியில் வைக்க நினைத்த இரும்பின் வேலை.

இப்போதைக்கு மதுரையில் 85 டன் எடையில் அதன் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேலே பாறை இல்லாததால் அது எண்ணுவது மியூவான்களைத்தான். ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 தினமும் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. 1938இல் பாபா காட்டிய கடிகாரம், 400 கோடி தடவை.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இன்று என்னால் நாலு வரியில் பதில் சொல்ல முடியும். சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஐயா, வானத்தில் இருந்து ஒரு துகள் மழை எப்பவும் பெய்துகொண்டே இருக்கு. அது ரொம்ப வேகமாக வருவதால் அதோட கடிகாரம் மெதுவாக ஓடுது, அதனால் சாகாமல் தரை வரைக்கும் வந்துடுது. அந்த மழை படாத இடத்தில் உட்கார்ந்தால்தான் நியூட்ரினோவின் சத்தம் கேட்கும், அதுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரிசல் இல்லாத பாறை கூரையாக வேணும். உங்க மலை அப்படிப்பட்ட கூரை. கொடுக்கலாமா வேண்டாமா என்பதை இனி நீங்க சொல்லுங்க.